கைரேகை பதியாத களவு

இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி 1948-ஆம் ஆண்டு வரை தொண்டைமான் மன்னர்களின் தனியரசாக விளங்கியது. அதனைச் சூழ்ந்து திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் முதலிய மாவட்டங்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தன. புதுக்கோட்டையில் கன்னமிட்ட கள்வன் ஒருவன் விடியுமுன் எல்லையைக் கடந்துவிட்டானாயின், அவன் நிற்கும் நிலம் வேற்றாட்சிக்கு உரியதாகிவிடும். புதுக்கோட்டைக் காவலர் தம் விருப்பம்போல் அங்குச் சென்று அவனைப் பிணித்துவர இயலாது. ஓர் ஆட்சி மற்றோர் ஆட்சிக்கு எழுதி, முறைப்படி ஒப்படைக்குமாறு கேட்டல் வேண்டும். சில கல் தொலைவு நடந்த மாத்திரத்தில் கள்வனுக்கு இத்துணை வசதி வாய்த்தது. 1948-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் அவ்வரசு இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று; 1974-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. பழைய எல்லைக்கோடு அழிந்தது.

ஆயினும் நம் காலத்தில் வேறொரு வகைக் கள்வன் தோன்றியுள்ளான். அவன் களவாடிய பின் எல்லை கடந்து ஓடுவதில்லை. எல்லைக்கு அப்பால் இருந்துகொண்டே களவு செய்கிறான். கதவை உடைப்பதில்லை, பொருளுக்கு உரியவரே தம் கையால் எடுத்துக் கொடுக்கும்படி செய்துவிடுகிறான். கணினியும் கைப்பேசியும் இணையமும் அவனுக்குக் கருவிகள். இந்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தபடி, 2024-ஆம் ஆண்டில் மட்டும் இவ்வகை மோசடிகளால் மக்கள் இழந்ததாகப் பதிவான தொகை ஏறத்தாழ 22,845 கோடி ரூபாய். இத்தகைய கள்வனைக் கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்தபின் நீதிமன்றத்தில் அவன் குற்றத்தை மெய்ப்பிப்பதும் ஏன் அரியனவாக உள்ளன என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

ஆலங்குடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாழ்கிறார் எனக் கொள்வோம். ஒருநாள் முற்பகலில் அவருடைய கைப்பேசி ஒலிக்கிறது. காவல் அதிகாரியின் உடையணிந்த ஒருவன் திரையில் தோன்றி, அவர் பெயரால் கறுப்புப் பணம் கைமாறியதாகவும், அவர் ‘டிஜிட்டல் கைது’ செய்யப்பட்டிருப்பதாகவும், அறையை விட்டு வெளியேறவோ யாரிடமும் பேசவோ கூடாதென்றும் அச்சுறுத்துகிறான். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று இல்லவே இல்லை. அம்மூதாட்டி அதனை அறியார். தம் ஆயுட்காலச் சேமிப்பு எட்டு இலட்சம் ரூபாயை அவன் கூறிய கணக்கிற்கு அனுப்பிவிடுகிறார். மாலையில் மகன் வந்து கேட்ட பின்னரே தாம் ஏமாற்றப்பட்டதை உணர்கிறார்.

அவர் எங்கே முறையிடுவது? குற்றவாளி இருக்கும் ஊர் தெரியாது. பணம் சென்ற வங்கிக் கிளை வடமாநிலத்தில் உள்ளது. நல்வேளையாக, இவ்வினாவிற்குச் சட்டம் தெளிவாகவே விடை கூறுகிறது. மின்வழிச் செய்தியால் ஒருவர் ஏமாற்றப்பட்டால், அச்செய்தி அனுப்பப்பட்ட இடத்து நீதிமன்றமாயினும், அது வந்து சேர்ந்த இடத்து நீதிமன்றமாயினும் வழக்கை விசாரிக்கலாம். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எவ்வூரில் நிகழ்ந்திருப்பினும், எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அளிக்கலாம். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் கணினிக் குற்றங்களுக்கெனத் தனிக் காவல் நிலையம் உண்டு, புதுக்கோட்டையிலும் உண்டு. ஆகவே வாயிலைத் தேடி அலைய வேண்டியதில்லை. இடர்ப்பாடு வாயிலுக்கு உள்ளே தொடங்குகிறது.

முதலாவது இடர்ப்பாடு காலம். கன்னமிட்டு எடுத்த நகையை உருக்குவதற்குச் சில நாள்களேனும் வேண்டும். வங்கிக் கணக்கிற்கு வந்த பணமோ சில நிமிடங்களில் பத்துக் கணக்குகளாகப் பிரிந்து, அவற்றினின்று நூறு கணக்குகளாகச் சிதறி, எங்கோ ஒரு பணம் வழங்கும் இயந்திரத்தின் வாயிலாக வெளியேறிவிடும். இதனைத் தடுப்பதற்கென்றே 1930 என்னும் தொலைபேசி எண் ஏற்பட்டது. அவ்வெண்ணில் ஒருவர் முறையிட்டவுடன், பணம் சென்ற கணக்கின் விவரம் உரிய வங்கிக்கு மின்வழியே சென்று சேரும். பணம் இன்னும் வெளியேறாதிருப்பின் வங்கி அதனை நிறுத்திவைக்கும். அடுத்த வங்கிக்குப் போயிருப்பின் செய்தியும் அதனைத் தொடர்ந்து போகும். ஆலங்குடி அம்மையார் உச்சிவேளைக்கே அவ்வெண்ணை அழைத்திருந்தால் ஒரு பகுதியேனும் தங்கியிருக்கக் கூடும். அச்சத்தாலும் நாணத்தாலும் வாய்மூடியிருக்கும் ஒவ்வொரு நாழிகையும் கள்வனுக்கே ஆக்கம்.

பணத்தின் தடத்தைப் பின்பற்றிச் செல்லும் காவலர் முதலிற் காண்பது யாரை? பெரும்பாலும் கள்வனை அன்று. தன் வங்கிக் கணக்கைச் சில ஆயிரம் ரூபாய்க்கு ‘வாடகைக்கு’ விட்ட கூலித் தொழிலாளியையோ கல்லூரி மாணவனையோதான். அவன் பெயரில் கணக்கு. அவன் பெயரில் சிம் அட்டை. அவன் அறிந்து துணைபோனானா, அறியாது அகப்பட்டானா என்பதை எவ்வாறு துணிவது? இவ்விரண்டிற்கும் இடையே சிறைவாசமே உள்ளது.

பணத்தின் தடம் இவ்வாறு முட்டி நிற்கும்போது, காவலர் இணையத்தின் தடத்தைப் பற்றுகின்றனர். இணையத்தில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வழங்கப்படுகிறது. இதனை ஐ.பி. முகவரி என்பர். குற்றச் செய்தி எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதை அறிந்து, அம்முகவரியை அந்நேரத்தில் யார் பயன்படுத்தினார் என்று தொலைத்தொடர்பு நிறுவனத்தைக் கேட்டால் விடை கிடைத்துவிடும் என்று தோன்றும். உண்மை அத்துணை எளிதன்று. பழைய முறையில் இம்முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடியே. உலகிலுள்ள கருவிகளுக்கு அவை போதா. எனவே, ஒரே முகவரியை ஒரே வேளையில் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றனர். ஒரு பெரிய மாடிக் கட்டடத்தின் தெருமுகவரி மட்டும் தெரிந்து, உள்ளே எந்த அறை என்பது தெரியாதது போன்ற நிலை இது. அறை எண்ணைப் போன்ற மற்றோர் எண்ணும், நொடி வரையில் துல்லியமான நேரமும் இருந்தாலன்றி ஆளைப் பிரித்தறிய முடியாது.

நேரத்திலும் ஒரு பொறி உண்டு. அயல்நாட்டு நிறுவனங்கள் பல தம் பதிவேடுகளை உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. பதிவேட்டில் 10-ஆம் நாள் மாலை 6.45 என்றிருந்தால், நம் ஊரில் அது 11-ஆம் நாள் நள்ளிரவு கடந்து 12.15. இதனைக் கணக்கிற் கொள்ளாது கேட்டால், அந்த நேரத்தில் அதே முகவரியைப் பெற்றிருந்த வேறொருவர் பெயர் விடையாக வரும். அவருடைய வீட்டுக் கதவைக் காவலர் தட்டுவர்.

இத்தகைய பிழை கற்பனை அன்று. 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், இணையத்தில் சிவாஜி மன்னரை இழிவுபடுத்தும் படத்தை வெளியிட்டதாக பெங்களூரில் வாழ்ந்த மென்பொருள் பொறியாளர் ஒருவரைப் புனே நகரக் காவலர் கைது செய்தனர். அம்முகவரி அவருடையது எனத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று அளித்த தகவலே அதற்கு அடிப்படை. அத்தகவல் தவறானது, அம்முகவரி அவருடையது அன்று. இஃது உறுதியாகி அவர் வெளிவருமுன் 50 நாள்கள் சிறையிற் கழிந்துவிட்டன. பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றதனால் மதுரையில் கோவலனுக்கு நேர்ந்ததை நாம் படித்திருக்கிறோம். இங்கே பொற்கொல்லனுக்கும் வஞ்சம் இல்லை என்பது ஒன்றே வேறுபாடு.

முகவரி சரியாகவே இருந்தாலும் அது காட்டுவது ஓர் இணைப்பை. மிஞ்சிப்போனால் ஒரு கருவியை. கருவியின் முன் அமர்ந்திருந்தவர் யார் என்பதை அது காட்டாது. வீட்டில் ஐவர் இருக்கலாம். கடையில் ஐம்பதின்மர் வந்து போகலாம். கன்னமிட்ட சுவரில் கள்வனுடைய கைரேகை பதியும். விசைப்பலகையில் தட்டிய எழுத்து எல்லார்க்கும் ஒன்றே.

சென்னை எழும்பூரில் நடைபெற்ற ஒரு வழக்கு இதனை நன்கு விளக்கும். 2004-ஆம் ஆண்டு, ஒரு பெண்மணியின் பெயரால் பொய்யான மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, அவரைப் பற்றி இழிவான செய்திகளை இணையக் குழுவில் ஒருவன் பரப்பினான். அவர் முறையிட்டார், காவலர் தடம்பற்றிச் சென்று மும்பையில் அவனைக் கைது செய்தனர். அச்செய்திகளை அப்பெண்மணியே எழுதியிருக்கலாம், அல்லது அவருடைய முன்னாள் கணவர் எழுதியிருக்கலாம், மின்வழிச் சான்றுகள் சட்டப்படி செல்லத்தக்கன அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. கருவி மட்டும் சான்றாயிருந்தால் அவ்வாதம் வென்றிருக்கக் கூடும். ஆனால், அவன் வந்து அமர்ந்து சென்ற இணைய நிலையங்களின் உரிமையாளர்கள் சாட்சி கூறினர். இணையத்தில் கண்டதை முறைப்படி அச்சிட்டு உறுதிமொழியுடன் அளித்த வல்லுநரும் சாட்சி கூறினார். 2004 நவம்பர் 5-ஆம் நாள் கூடுதல் தலைமைப் பெருநகர நடுவர் அவனுக்குத் தண்டனை விதித்தார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்கீழ் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை அதுவே எனப் போற்றுவர். சில திங்களில் முடிந்த அவ்வழக்கில் கணினியைக் கண்டது அறிவியல். மனிதனைக் கண்டது கடைக்காரர்களின் கண்.

இனிச் சான்றின் தன்மையைக் காண்போம். இந்நூற்றாண்டின் நீதிமன்றங்களை மிகுதியும் வருத்தியது இதுவே. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் ஓர் அரிய வழக்கு உண்டு. சுந்தரரின் திருமணப் பந்தரில் முதியவர் ஒருவர் தோன்றி, அவர் தமக்கு அடிமை என்று ஓர் ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதனைப் பற்றிக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு வருகிறது. கிழிக்கப்பட்டது படியோலையே, மூலஓலை தம்மிடம் உள்ளது என்று முதியவர் அதனை எடுத்து அளிக்கிறார். அவையினர் அதனோடு அமைந்துவிடவில்லை. சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டு கையெழுத்தையும் ஒத்துப்பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர். மூலம் எது, படி எது, எழுதியவர் யார் என்னும் மூன்று வினாக்களும் அங்கே எழுந்து விடையும் பெற்றுவிட்டன.

கணினியில் இம்மூன்றும் குழம்பிவிடுகின்றன. ஒரு கோப்பைப் படியெடுத்தால் படிக்கும் மூலத்திற்கும் ஓர் எள்ளளவும் வேற்றுமை இராது. அதனைத் திருத்தினால் அடித்த கோடோ சுரண்டிய வடுவோ தெரியாது. கையெழுத்து என்பதே இல்லை. எனவே, இச்செய்தி திருத்தப்படாதது என்று எவ்வாறு நம்புவது?

இவ்வினாவிற்குக் கணிதம் ஒரு விடை கண்டுள்ளது. கோப்பிலுள்ள அனைத்தையும் ஒரு குறித்த கணக்குமுறைக்கு உட்படுத்தி, இறுதியில் ஒரு குறியீட்டைப் பெறலாம். இதற்கு ஹாஷ் மதிப்பு என்று பெயர். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் அக்குறியீடு 64 எழுத்துகளும் எண்களும் கலந்தது. கோப்பு ஒரு வரிக் கடிதமாயினும் முழுநீளத் திரைப்படமாயினும் அளவு அதுவே. கோப்பில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியை நீக்கினாலும் குறியீடு முழுவதும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஆகவே, கைப்பற்றிய அன்று எடுத்த குறியீடும் நீதிமன்றத்தில் எடுத்த குறியீடும் ஒத்திருப்பின், இடையே எவரும் அதனைத் தொடவில்லை என்பது பெறப்படும். மனிதனுடைய விரல்ரேகையைக் கொண்டு குற்றவாளியை அறியும் அலுவலகம் ஒன்று 1897-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. கோப்பிற்கும் விரல்ரேகை உண்டென்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு. எம்.டி.-5 என்னும் பழைய முறையில் இருவேறு கோப்புகளுக்கு ஒரே குறியீடு வரச் செய்யலாம் என்று 2004-இல் ஆய்வாளர் காட்டிவிட்டனர். பூட்டும் மாற்றத்தக்கதே.

குறியீடு எடுக்குமுன் காவலர் செய்யத் தகாதன பல. கைப்பற்றிய கணினியை ஆர்வத்தால் திறந்துபார்த்தலே பெரும்பிழை. திறந்த அளவிலேயே உள்ளிருக்கும் பல கோப்புகளின் காலக்குறிப்புகள் மாறிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அணைத்தால் அதன் தற்காலிக நினைவகத்தில் இருந்தவை மறைந்துவிடும். அணைக்காது விட்டால், தொலைவிலிருந்தே எவரேனும் அழித்துவிடக் கூடும். ஆதலின், கைப்பேசியை அலை புகாத உறையில் இடுகின்றனர். வட்டினைப் படிக்கவிட்டு எழுதவிடாது தடுக்கும் கருவியை இணைத்து முழுப்படி எடுக்கின்றனர். பின்னர் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்பொழுது அது சென்றது என்பதை எழுதிவைக்கின்றனர். அந்த ஏட்டில் ஒரு நாள் விடுபட்டிருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு நாளைப் பற்றியே நூறு கேள்வி கேட்பார். கேட்பது அவர் கடமை.

படிக்கு உறுதிச்சான்று வேண்டும் என்பது புதுமை அன்று. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டுமாறு முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுத்துக்கொள்ளச் செய்தான். அவை அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. எவ்வாணையால், எப்பொழுது படியெடுக்கப்பட்டது என்பதையும் கல்லிலேயே பொறித்திருக்கின்றனர். நம் சட்டம் கேட்பதும் ஏறத்தாழ அதுவே.

1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 2000-ஆம் ஆண்டில் 65-பி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கணினியிலிருந்து எடுத்த படியை நீதிமன்றத்தில் அளிப்பவர், அஃது எக்கருவியிலிருந்து எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதற்கு ஒரு சான்றிதழ் தருதல் வேண்டும் என்பது அதன் கருத்து. இச்சான்றிதழ் இன்றியமையாததா என்பதில் உச்ச நீதிமன்றமே பலமுறை கருத்து மாறியது. 2005-இல் அஃது இல்லாமலும் ஏற்கலாம் என்றது. 2014-இல் கேரளத்துத் தேர்தல் வழக்கொன்றில் கட்டாயம் வேண்டும் என்றது, சான்றிதழின்றி அளித்த குறுந்தகடுகள் ஒதுக்கப்பட்டன, வழக்கும் தோற்றது. 2018-இல் ஓரளவு தளர்த்தியது. 2020 சூலை 14-ஆம் நாள் மூவர் அடங்கிய அமர்வு, வேண்டும் என்பதே சட்டம் என்று மீண்டும் நிலைநாட்டி, எவ்வளவு முயன்றும் சான்றிதழ் பெற இயலாதவர்க்கு மட்டும் வழிவிட்டது. பதினைந்தாண்டுகள் கீழமை நீதிமன்றங்கள் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்கலாம். 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டம் படிவத்தையே தந்துவிட்டது. அதன் முதற்பகுதியில் கருவிக்குப் பொறுப்பானவரும், இரண்டாம் பகுதியில் வல்லுநரும் ஒப்பமிட வேண்டும். ஹாஷ் மதிப்பையும் அதில் எழுதவேண்டும். ஒழுங்கு நன்றே. மாவட்டங்களில் அத்தகைய வல்லுநர் போதிய அளவில் இருந்தாலன்றோ அது விரைந்து நடைபெறும்?

சட்டமே இல்லாதிருந்தால் என்னாகும்? 2000-ஆம் ஆண்டு மே மாதம் ‘ஐ லவ் யூ’ என்னும் தலைப்புடன் வந்த மின்னஞ்சல் ஒன்று உலகெங்கும் கணினிகளைப் பாழாக்கியது. அதன் தோற்றுவாய் பிலிப்பைன்சு நாட்டின் மணிலா நகரம் என்பது சில நாளிலேயே தெரிந்துவிட்டது. ஆனால், அச்செயலைக் குற்றமாக்கும் சட்டம் அந்நாட்டில் அன்று இல்லை. பின்னர் இயற்றிய சட்டம் முன்னர் நிகழ்ந்த செயலைப் பற்றாது. குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. நம் அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவும் இதனையே கூறுகிறது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

அதே 20-ஆம் பிரிவில் மற்றொரு காப்பும் உண்டு: குற்றம் சாட்டப்பட்டவரைத் தமக்கு எதிராகத் தாமே சாட்சி கூறுமாறு வற்புறுத்தலாகாது. விரல்ரேகை கொடுக்கச் செய்வது அத்தகைய வற்புறுத்தல் அன்று என 1961-ஆம் ஆண்டிலேயே பதினொரு நீதிபதிகள் கூறிவிட்டனர். அங்ஙனமாயின், பூட்டிய கைப்பேசியின் கடவுச்சொல்லைச் சொல்லுமாறு ஆணையிடலாமா? விரல் உடம்பில் உள்ளது. சொல் உள்ளத்தில் உள்ளது. கருநாடக உயர்நீதிமன்றமும் தில்லி உயர்நீதிமன்றமும் இதனை வேறுவேறாக நோக்கியுள்ளன. ஆலங்குடி வழக்கின் திறவுகோல் அப்பூட்டினுள்ளேயே இருக்கக் கூடும்.

இனி, கள்வன் உண்மையிலேயே கடல்கடந்து இருப்பின்? இந்தியாவிலுள்ள கணினி ஒன்று பாதிக்கப்பட்டால், செய்தவர் எந்நாட்டில் இருந்தாலும் நம் சட்டம் பற்றும் என்று 75-ஆம் பிரிவு கூறுகிறது. ஏட்டளவில் சட்டத்தின் கை நீண்டதே. ஆனால், அந்நாட்டுப் பதிவேட்டைப் பெற, இரு நாடுகளுக்கிடையே உள்ள உடன்படிக்கைப்படி உள்துறை அமைச்சகத்தின் வாயிலாக எழுதிக் கேட்க வேண்டும். பல திங்கள் கழிந்து விடை வரும்போது, அப்பதிவேடு அழிக்கப்பட்டிருத்தலும் உண்டு. நம் நாட்டில் இத்தகைய பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்குமாறு 2022-இல் ஆணையிடப்பட்டது. பிற நாடுகளில் விதி வேறு. ஐரோப்பிய நாடுகள் 2001-இல் புடாபெசுட்டு நகரில் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதனை வகுத்தபோது தனக்கு இடமில்லாமையால் இந்தியா அதிற் சேரவில்லை. ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2024 டிசம்பர் 24-ஆம் நாள் இப்பொருள் பற்றிய தனி ஒப்பந்தத்தை ஏற்றது. பழைய புதுக்கோட்டை எல்லையில் நின்ற காவலரின் நிலை, இன்று உலக அளவில் விரிந்திருக்கிறது.

அந்த எல்லைக்கு அப்பால் அமர்ந்திருப்பவன் யார் என்பதும் நாம் எண்ணுவதுபோல் எளிய வினா அன்று. மியன்மார், கம்போடியா ஆகிய நாடுகளில், உயர்ந்த மதில்களுக்குள் நூற்றுக்கணக்கானோரை அடைத்துவைத்து இவ்வேலை செய்விக்கும் கூட்டங்கள் உள்ளன. கணினி வேலை என்று ஆசைகாட்டித் தாய்லாந்துக்கு அழைத்துச்சென்று, அங்கிருந்து எல்லை கடத்தி, கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டு, மறுத்தவரை அடித்துத் துன்புறுத்தி இம்மோசடியில் ஈடுபடுத்துகின்றனர். 2022 அக்டோபரில் மியன்மாரிலிருந்து மீட்கப்பட்ட தமிழ் இளைஞர் பதின்மூவர் சென்னை வந்து சேர்ந்தனர். ஆலங்குடி அம்மையாரை அச்சுறுத்திய குரல் இத்தகைய ஒருவனுடையதாயின், அவனைக் குற்றவாளி என்பதா, கடத்தப்பட்டவன் என்பதா? அச்சுறுத்தலுக்கு அடங்கிச் செய்தான் என்பதற்கு அவன் எங்கிருந்து சான்று கொணர்வான்?

எனினும், அவனை அனுப்பிவைத்தவர் கடல்கடந்தவர் அல்லர். பதிவு பெறாமல் அயல்நாட்டு வேலைக்கு ஆள்சேர்ப்பது 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம். அத்தரகர் பணம் பெற்ற வங்கிக் கணக்கும், பயணச்சீட்டு வாங்கிய பதிவும், வேலை உண்டென்று அனுப்பிய செய்தியும் இந்நாட்டிலேயே உள்ளன. அவற்றைப் பெறுவதற்கு வேற்றரசு எதனிடமும் எழுதிக் கேட்க வேண்டியதில்லை.